உப்பளக் காற்று பட்ட ஸ்டீல் செயினை வீட்டில் சுத்தம் செய்வது எப்படி?

வினா

தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தந்தை, வேலைக்குப் போன நாளெல்லாம் கட்டியிருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறது. அவர் பின்னாளில் தனியாக வாங்கிப் போட்ட ஸ்டீல் செயின்தான் கவலையாக இருக்கிறது. கண்ணிகளின் இடுக்கில் அழுக்கு கறுப்பாக இறுகிக் கிடக்கிறது; கொக்கியின் உட்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் தெரிகின்றன; ஒரு மணி நேரம் கட்டியிருந்தால் மணிக்கட்டில் கறுப்புக் கோடு விழுகிறது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் ஒரு நண்பர். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் இன்னொருவர். வீட்டில் வெள்ளிக்கு விபூதியும் பித்தளைக்குப் புளியும் போட்டுத் துலக்குவோம் என்றாலும், அவர் நினைவாக எஞ்சியிருக்கும் பொருள் என்பதால், விவரம் தெரிந்தவர்களைக் கேட்காமல் கை வைக்க மனம் வரவில்லை.

மறுமொழி 1

கேட்டுவிட்டுச் செய்வது என்று நீங்கள் முடிவெடுத்தது நல்லதாயிற்று. மதுரையில் கடிகாரப் பழுது பார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிளீச்சிங் பவுடரை அந்தச் செயினின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை எதிர்ப்பதற்குக் காரணம், அதில் குறைந்தது 10.5 சதவீதம் கலந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். கீறல் பட்டாலும், காற்று பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் படலம் தானே மீண்டும் உருவாகிவிடும். பிளீச்சில் இருக்கும் குளோரினும் உப்பில் இருக்கும் குளோரைடும் அதே படலத்தைத்தான் துளைக்கின்றன. உங்கள் தந்தையின் செயினில் நடந்திருப்பதும் இதுவே: இடுக்கில் இறுகிய அழுக்கு காற்றைத் தடுத்திருக்கிறது, அதனுள் உப்பும் வியர்வையும் ஈரமாகவே தங்கியிருக்கின்றன, படலம் மீண்டும் உருவாக வழியில்லாமல் அந்த இடத்தில் துரு தொடங்கியிருக்கிறது.

ஆகவே, பளபளப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இடுக்கிலுள்ள அழுக்கை வெளியேற்றுவதே வேலை. செயினைக் கடிகாரத்தோடு பிணைக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களையும் கழற்றி, கடிகாரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கழற்றும்போது பின் துள்ளித் தெறிக்கும் என்பதால் கீழே ஒரு துணியை விரித்துக்கொள்வது நல்லது. பழக்கமில்லை என்றால் அருகிலுள்ள கடையில் கழற்றித் தரச் சொல்லுங்கள். பழைய கடிகாரத்தைச் செயினோடு சேர்த்துத் தண்ணீரில் காட்டுவது பெருந்தவறு. பின்மூடியிலும் சாவித் தண்டிலும் உள்ள ரப்பர் வளையங்கள் இத்தனை ஆண்டுகளில் இறுகிப் போயிருக்கும். உள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் டயலும் இயந்திரமும் கெடும்.

செயினை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு மிருதுவான பழைய பல் துலக்கியால் கண்ணிகளை மடக்கியும் விரித்தும் உட்புறமாகத் தேயுங்கள். தண்ணீர் கறுப்பாக மாறும். அது தெளியும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றிச் செய்யுங்கள். இன்னும் பிடித்திருக்கும் அழுக்கைப் பல் குத்தும் மரக் குச்சியால் எடுக்கலாம். ஊசியோ பிளேடோ வேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு எங்கள் வீட்டு அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினால், காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. கடைசியாக ஒரு முறை பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் அலசி எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. துடைத்ததும் கட்டிக்கொள்ளாமல், மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். தகட்டை மடித்துச் செய்த பழைய கண்ணிகளுக்குள் தண்ணீர் நின்றால், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

தங்க முலாம் பூசிய செயின் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பற்பசை, விபூதி, ஆப்ப சோடா ஆகிய எல்லாமே உராய்ந்துதான் துலக்குகின்றன. முலாம் சில மைக்ரான் கனமே இருக்கும். தேய்த்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் வெளியே வந்துவிடும். என் அம்மாவின் கடிகாரச் செயினை நான் அப்படித்தான் வீணாக்கினேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது. முலாம் செயினுக்குச் சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

வினா கேட்டவர்

இருவருக்கும் என் நன்றி. நேற்று அப்படியே செய்தேன். நான்கு முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. கண்ணிகள் இப்போது துணி போல மடங்குகின்றன. கொக்கிப் பக்கத்துப் பழுப்புப் புள்ளிகளில் பாதி போய்விட்டன, மீதி அப்படியே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? செயினும் முன்பைவிடத் தொளதொளப்பாகத் தோன்றுகிறதே, நான் ஏதேனும் கெடுத்துவிட்டேனா?

மறுமொழி 1 எழுதியவர்

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கண்ணிகளுக்குள் புகுந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து உப்புத்தாள் போல, கண்ணிகளை இணைக்கும் பின்களைப் பல ஆண்டுகளாக அரைத்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தை இதுவரை அழுக்கு அடைத்து வைத்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. பின் வெளியே துருத்தாமலும் கொக்கி தானே திறந்துகொள்ளாமலும் இருந்தால் அணியலாம். சந்தேகமாக இருந்தால் பின்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், செயினை மாற்ற வேண்டியதில்லை.

எஞ்சிய புள்ளிகளுக்கு மட்டும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, விரல் நுனியால், உலோகத்தில் ஓடும் கோடுகளின் போக்கிலேயே மெதுவாகத் தேய்த்து உடனே அலசிவிடுங்கள். கொக்கியின் உட்புறம் என்பதால் நுண்கீறல் விழுந்தாலும் கண்ணில் படாது. கண்ணாடி போல மின்னும் வெளிப்பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். அதன் பிறகும் சிறு குழிகள் தெரிந்தால், அங்கே உலோகம் அரித்துப் போய்விட்டது என்று பொருள். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இனி எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளிலும் கடலில் இறங்கும் நாளிலும் கழற்றி வையுங்கள். இரவில் கழற்றும்போது ஈரத்துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடைத்தால், இப்போது செய்த வேலையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்தாலே போதும்.