மறுமொழி: கழிவுநீர்க் குழாய்களின் "நிலை அறிக்கை" – வேறு சொல் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> "நிலை அறிக்கை" போதுமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. நிலை அறிக்கை என்றதும் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று சொல்லும் தாள்தான் நினைவுக்கு வரும். இங்கே கேட்பது, மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை. கழிவுநீர் நிறுவனம் அதைச் சட்டப்படி மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் சொல்லில் தொனிக்க வேண்டும்.

என் பரிந்துரை: பழுதுநிலைத் தாக்கல்.

அறிக்கையை யார் வேண்டுமானாலும் விடலாம், விடாமலும் இருக்கலாம். தாக்கல் அப்படியில்லை, கெடு உண்டு, படிவம் உண்டு, வாங்கிப் பார்க்க ஆள் உண்டு. உருது வழி வந்த சொல் என்று யாராவது கொடி பிடிப்பீர்கள். சரி, வேட்புமனுவும் வரவுசெலவுத் திட்டமும் தாக்கலாகிறவரை இதுவும் ஆகட்டும்.

"பழுதுநிலை"க்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். குழாய்க்குள் கேமரா வண்டி ஊர்ந்து போகிறது. குறை தெரிந்த இடத்தில் நிறுத்தி, எத்தனையாவது மீட்டர், கடிகார முள் கணக்கில் எந்தப் பக்கம் என்று குறிக்கிறார்கள். கான்கிரீட் குழாயில் அமில அரிப்பு பெரும்பாலும் 12 மணிப் பக்கம், அதாவது முகட்டில். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஈரமான முகட்டில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக்குகிறது. சிமெண்ட் வெளுத்து மாவாகிறது, ஜல்லி பல்லிளிக்கிறது, அப்புறம் கம்பி. இந்தக் கேட்டைத்தான் எண்ணால் சொல்கிறார்கள். வட அமெரிக்காவில் பரவலாக வழங்கும் நாஸ்கோ (கழிவுநீர்க் குழாய்ப் பணி நிறுவனங்களின் சங்கம்) முறையில் 5 என்றால் படுமோசம். அதை "நிலைத்தரம் 5" என்று எழுதினால் வாசகர் முதல்தரக் குழாய் என்று நினைத்துக்கொள்வார். "பழுதுப்படி 5" என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

> அடைப்பும் பழுதில் சேருமா?

கூடாது. கொழுப்பும் துணியும் அடைத்த குழாய் கட்டுமானத்தில் திடமாகவே இருக்கலாம், கழுவினால் தீர்ந்தது. விரிசல் கழுவித் தீராது. நாஸ்கோவிலும் கட்டுமானத்துக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று என்று தனித்தனிப் படிகள்தான், அடைப்பு பராமரிப்பில் வரும். ஆகவே "கட்டுமானப் பழுது", "ஓட்டத்தடை" என்று இரண்டு சொல் வைத்துக்கொள்ளலாம். வேர் புகுந்த குழாய்தான் தொல்லை. வேர் ஓட்டத்தடை, அது நுழைந்த விரிசல் பழுது. இரண்டையும் பதிய வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் நீர் நிறுவனங்கள், 1000 கிலோமீட்டருக்கு இத்தனை குழாய் இடிவுகள் என்று ஆஃப்வாட் ஒழுங்காணையத்துக்குக் கணக்குக் கொடுக்கின்றன. அதையும் இந்தச் சொல்லில் அடக்க வேண்டாம். அது இடிந்தபின் எண்ணுவது. "இடிவுக் கணக்கு" என்று தனியாக இருக்கட்டும். நாம் பேசுவது இடிவதற்கு முன் வர வேண்டிய தாக்கலைப் பற்றி.

பாக்கி இருப்பது நிலத்தடி நீர் குழாய்க்குள் புகும் "உட்கசிவு". நாஸ்கோ அதைப் பராமரிப்புப் பக்கம் தள்ளுகிறது. ஆனால் நீரோடு மண்ணும் உள்ளே வந்தால் குழாய்க்கு வெளியே பள்ளம் விழும், சாலையே உள்வாங்கும். அதனால் என் ஓட்டு பழுதுக்கே. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.