தோற்காமல் ஊர் திரும்பிய அணி

*நம்ம குடும்பம்* குழு, இரவு 9:10

தம்பி: பெரியப்பா, இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது வாண்டரர்ஸ் அணிதானே? நாளைக்கு வகுப்பில் பேச வேண்டும்.

பெரியப்பா: ஆமாம்டா. 1872 மார்ச் 16, லண்டன் ஓவல் மைதானம். ராயல் எஞ்சினியர்ஸ் அணியை 1-0 என்று ஜெயித்தார்கள். ஆனால் அதோடு முடித்துவிடாதே. கிளாஸ்கோ குயின்ஸ் பார்க் அணியைப் பற்றிக் கட்டாயம் சொல்.

அக்கா: இங்கிலாந்துக் கோப்பையில் ஸ்காட்லாந்து அணியா?

பெரியப்பா: சேர்ந்ததே மொத்தம் 15 அணிகள்தானம்மா. எல்லாரும் சம்பளம் இல்லாமல் ஆடியவர்கள். கோப்பை செய்ய 20 பவுண்டு ஆனது. அதற்குக் குயின்ஸ் பார்க் ஒரு கினி கொடுத்தது.

தம்பி: கினி என்றால்?

பெரியப்பா: ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங். அவர்களுக்கு அதுவே பெரிய காசு.

பெரியப்பா: குயின்ஸ் பார்க்கோடு ஆட வேண்டிய டானிங்டன் பள்ளி விலகிவிட்டது, அடுத்த சுற்றில் எதிரணியே இல்லை. அதனால் முதல் ஆட்டமே அரையிறுதி. அதுவும் ஓவலில்தான். ஊரில் வசூல் செய்து ரயில் ஏறி வந்தார்கள். மார்ச் 5, வாண்டரர்ஸோடு 0-0. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கக் கையில் பணமில்லை. விலகிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அத்தை: அடப் பாவமே. ஒரு கோல்கூட வாங்கவில்லையே அண்ணா!

மாமா: வாண்டரர்ஸ் மட்டும் என்ன மச்சான், இறுதிக்கு முன்னால் ஜெயித்தது ஒரே ஆட்டம். கிளாப்பாம் ரோவர்ஸை 3-1. முதல் சுற்றில் ஹாரோ செக்கர்ஸ் அணி ஆட வரவே இல்லை.

பெரியப்பா: சரியாகச் சொன்னீர்கள். அந்த ஹாரோ செக்கர்ஸ்காரர் ஒருவர்தான் இறுதியில் வாண்டரர்ஸுக்கு ஆடி கோல் போட்டார்! மார்ட்டன் பெட்ஸ். ஆட்டப் பட்டியலில் அவர் பெயர் ஏ.எச். செக்கர். அதாவது 'ஒரு ஹாரோ செக்கர்'.

பெரியப்பா: எதிரணியான ராயல் எஞ்சினியர்ஸில் கிரெஸ்வெல்லுக்கு ஆரம்பத்திலேயே தோள்பட்டைக் காறையெலும்பு முறிந்துவிட்டது. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அந்த வலியோடு கடைசிவரை களத்தில் நின்றார் மனிதர். நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

அத்தை: அப்புறம் அந்தக் குயின்ஸ் பார்க் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

பெரியப்பா: அதே வருடம் நவம்பர் 30, ஸ்காட்லாந்து-இங்கிலாந்து முதல் சர்வதேச ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு ஆடிய 11 பேரும் குயின்ஸ் பார்க்காரர்கள். அதுவும் 0-0. இந்தத் தடவை ரயில் ஏறி வந்தது இங்கிலாந்து!

தம்பி: பெரியப்பா, அந்தத் தேதி இன்னொரு தடவை?

பெரியப்பா: நவம்பர் 30. கினியை மறந்துவிடாதே.