"எந்த நாடு?" என்று என்னை யாரும் கேட்டதில்லை

வேளச்சேரி, சென்னை

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் போளூர். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மிசோரம் பெண் ஒருத்தி எனக்கு மிக நெருக்கம். ஐஸ்வாலில் பிறந்தவள், என்னை அக்கா என்பாள். விடுதிச் சாப்பாடு இருவருக்கும் ஒத்துவராமல், 2019 கடைசியில் சேர்ந்து வீடு தேடினோம்.

வீட்டுக்காரரிடம் போனில் பேசியது நான். "எந்த ஊரம்மா?" என்றார். போளூர் என்றதும் ஆரணியில் இருக்கும் தன் மைத்துனரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மூன்று மாத அட்வான்ஸ் போதும், மாலையே வந்து பாருங்கள் என்றார். போனோம். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தப் பெண் எந்த நாடு?"

அவளே தமிழில் பதில் சொன்னாள். "மிசோரம் சார். இந்தியாதான்." கேள்வி முடியும் முன்பே வந்துவிட்ட பதில் அது. எத்தனை நூறு முறை சொல்லியிருந்தால் அந்த வேகம் வரும்! பிறகு அவளுடைய ஆதார், வேலைக் கடிதம், காவல் நிலையச் சான்று, என்ன இறைச்சி சமைப்பாள், இரவில் யார் வருவார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். என்னிடம் ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை. மூன்று மாத அட்வான்ஸ் அங்கேயே ஆறு மாதமானது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமே சொல்கிறது.

(ஊரைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கான முன்வாசல் என்பது எனக்குத் தெரியும். அந்த வாசலில் நான் தடுக்கி விழாமல் நுழைந்ததும் என் திறமையால் அல்ல.)

நான்காவது வீடு கிடைத்தது. "நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள் அக்கா, நான் பிறகு வந்துகொள்கிறேன்" என்றாள். அப்படியே செய்தோம். அன்று அது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் பட்டது. வாடகையில் சரிபாதி தருகிறவள் தன் வீட்டுக்குள்ளேயே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நுழைய வேண்டியிருந்தது என்று உறைக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

2014இல் டெல்லி லாஜ்பத் நகரில் நிடோ தானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவர், தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு நேர்ந்த தகராறில் அடிபட்டு இறந்தார். அப்போது ஊரிலிருந்து அவளுடைய அம்மா போனில் அழுதாராம். முடிக்குச் சாயம் பூசாதே, யாராவது சிரித்தால் திரும்பிப் பார்க்காதே என்று. என் அம்மா போனில் கேட்பது, சாப்பிட்டாயா என்று மட்டும்தான்.

2020 மார்ச் தொடக்கத்தில் பறக்கும் ரயிலில் நாங்கள் உட்கார்ந்ததும் எதிர் இருக்கைப் பெண்மணி எழுந்து போனார். கதவருகே நின்ற பையன்கள் "கொரோனா, கொரோனா" என்றார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

*

திருப்பூர்

மேலே எழுதிய சகோதரிக்கு: நான் அந்த வீட்டுக்காரரைப் போல நடந்துகொண்டவன். சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன்.

என் தாத்தாவின் தம்பி குடும்பம் மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டிய மோரேவில் இருக்கிறது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவில் கடை கண்ணிகளை இழந்து கப்பலேறிய தமிழர்களில் சிலர், இங்கே பிழைக்க வழியில்லாமல் தரைவழியே திரும்பிப் போக முயன்றார்கள். அது முடியாமல் அந்த எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு.

2018இல் அவர்களைப் பார்க்கப் போனேன். இம்பால் சந்தையில் என் காதுபட 'மயாங்' என்றார்கள். வெளியாள் என்று பொருளாம். முகத்தை வைத்து எடைபோடப்படுவது எனக்கு அதுதான் முதல் முறை, கூசிப்போனேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

மோரே சாலையில் குடெங்தாபி என்ற இடத்தில் அசாம் ரைபிள்ஸ் சோதனைச் சாவடி. எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்கினார்கள். சோதித்த ஜவான்களில் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் தமிழில், "அண்ணன் திருப்பூரா? நான் உடுமலை" என்றார். என் பையைத் திறக்கவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண்களின் கூடைகளைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். தங்கள் மண்ணில், தங்கள் சாலையில், அவர்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்பு வந்திறங்கிய நான் நிமிர்ந்து நடந்து போனேன்.

திரும்பி வந்து என் கம்பெனிச் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினேன். பிசிறு வெட்டும் பகுதியில் மூன்று பையன்கள். 'நேபாளி 1, நேபாளி 2, நேபாளி 3' என்று இரண்டு வருடங்களாக எழுதியிருந்தோம். ஒவ்வொரு மாதமும் கீழே என் கையெழுத்து. விசாரித்தால் இருவர் அசாம், ஒருவர் மணிப்பூர், அதுவும் நான் போய்வந்த சாலையில் இருக்கும் பல்லேல்.

*

பெங்களூரு

எனக்கு நினைவிருப்பது 2012 ஆகஸ்ட். அசாமில் கோக்ராஜார் கலவரத்துக்குப் பிறகு, வடகிழக்கு மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்று செல்பேசிகளில் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் குவாஹாட்டி ரயிலுக்காக நிலையத்தில் குவிந்தார்கள். எங்கள் அடுக்குமாடியின் செக்யூரிட்டி தம்பியும் பையோடு கிளம்பினான். "எல்லாம் புரளி, ஒன்றும் நடக்காது" என்று கேட்டருகே நிறுத்தி அவனுக்குப் புத்தி சொன்னேன்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது என் அப்பா கடையைப் பூட்டிவிட்டு எங்களை ஓசூருக்கு அழைத்துப் போனார். அன்றும் பக்கத்து வீட்டுக்காரர் இதே சொற்களைத்தான் சொன்னார். நல்ல மனிதர். அவருக்கு எதுவும் நடக்கப் போவதில்லை என்பதால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. இருபது வருடம் கழித்து அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன், தெரியாமலே.

தம்பி அக்டோபரில் திரும்பி வந்தான். பழையபடி கேட்டைத் திறந்து வணக்கம் வைத்தான். நான் காரை உள்ளே விட்டேன். போன வழியில் என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்கவில்லை.