ராஜாவை மூன்று நாள் யார் பார்ப்பது?

குழு: ஒட்டன்சத்திரத்து வீடு

செவ்வாய்க்கிழமை

செல்வி, காலை 9:12
வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நாங்கள் காதுகுத்துக்காகப் பழனியில் இருப்போம். முயல் ராஜாவை யார் பார்த்துக்கொள்வது? கீழ் வீட்டு அக்கா முடியவே முடியாது என்கிறார். போன வாரம் தீவனம் வைக்கப் போய்க் கடி வாங்கிவிட்டார்.

மீனா, 9:14
அத்தையையும் கடித்ததாமே மதினி?

செல்வி, 9:14
ஆமாம். நேற்று.

சரவணன், 9:15
முயல் கடிக்குமா?

பிரபு, 9:16
அப்பத்தாவையே கடித்திருக்கிறது என்றால் தைரியசாலி 😂

அம்மா, 9:21
குரல் பதிவு 1:47

சரவணன், 9:22
மீட்டிங்கில் இருக்கிறேன். கேட்டுவிட்டு யாராவது எழுதுங்கள்.

மீனா, 9:26
கிண்ணத்தை உள்ளே வைத்தாராம். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, உர்ரென்று பாய்ந்து கட்டைவிரலில் கடித்ததாம். "சோறு போட்ட கையைக் கடிப்பது இந்தக் குடும்பத்தில் புதிதா" என்று முடிக்கிறார்.

கலா, 9:27
யாருக்கோ சொல்கிறார். சரி.

முருகேசன், 9:31
செல்வி, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவினீர்களா? டாக்டரிடம் காட்டியாயிற்றா?

செல்வி, 9:32
கழுவி, டிடி ஊசியும் போட்டாயிற்று அண்ணே.

முருகேசன், 9:40
நல்லது. இப்போது கேள். அது கோபக்கார முயல் இல்லை. முயலுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. பின்னால் பதுங்கி வருகிற பூனையைக்கூடப் பார்த்துவிடும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. நீங்கள் எல்லோரும் அங்கேதான் கையை நீட்டுகிறீர்கள். அதுவும் அது தன்னுடையது என்று நினைக்கிற கூண்டுக்குள். திடீரென்று ஏதோ ஒன்று முளைத்து வந்து சோற்றுக் கிண்ணத்தில் கை வைத்தால் நீ சும்மா இருப்பாயா?

சரவணன், 9:41
அண்ணன் ஆரம்பித்துவிட்டார்

பிரபு, 9:41
எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்

முருகேசன், 9:49
பண்ணை வைத்திருந்தபோது நம்மிடம் ஏழு பெட்டை, மூன்று கிடா. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கிற ஆடு, முயல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். இணை சேர்க்கும்போது பெட்டையைத் தூக்கிக் கிடாவின் கூண்டில் விட வேண்டும். மாற்றிச் செய்தால், என் இடத்துக்குள் ஏன் வந்தாய் என்று பெட்டை கிடாவைப் புரட்டி எடுத்துவிடும். இனம் சேர வருகிறவனுக்கே அந்தக் கதி. தீவனம் வைக்கிறவர் எம்மாத்திரம்?

கலா, 9:50
கூண்டைக் கழுவியது யார் என்றும் எழுதுங்கள்.

கலா, 9:50
என் வளையல் எங்கே போனது என்றும்.

மீனா, 9:51
🙊

சரவணன், 9:53
தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்

முருகேசன், 9:54
நான் வளர்த்த முயலுக்கெல்லாம் நாலு கால்தான். விலைதான் இல்லை.

முருகேசன், 9:55
செல்வி, ராஜாவுக்கு எத்தனை மாதம்? படம் போடு.

செல்வி, 10:08
ஏழு மாதம். வாங்கி இரண்டு மாதம் முடிந்துவிட்டது. முதலில் சாதுவாகத்தான் இருந்தது. இப்போது நெஞ்சு முடியைத் தானே பிடுங்குகிறது. வைக்கோலை வாய் நிறையக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது. மீசை வைத்த மாதிரி இருக்கிறது.

செல்வி, 10:08
படம்

முருகேசன், 10:10
ராஜா ஆண் இல்லை.

பிரபு, 10:10
என்னது

மீனா, 10:11
பெயர் வைத்தது யார்?

சரவணன், 10:11
கடைக்காரர் ஆண் என்றுதானே சொன்னார்

முருகேசன், 10:19
குட்டியில் பார்த்து ஏமாறுவது சகஜம். தாடைக்குக் கீழே தொங்குகிற மடிப்பைப் பார், துண்டு சுற்றிய மாதிரி. முடி பிடுங்குவதும் வைக்கோல் சேர்ப்பதும் குட்டி போடக் கூடு கட்டும் வேலை. ஆனால் முயலுக்குச் சினை 31 நாள்தான். இரண்டு மாதமாகத் தனியாக இருக்கிற முயலுக்குக் குட்டி எங்கிருந்து வரும்? பொய்ச்சினை. 16, 18 நாளில் தணிந்துவிடும். அதுவரை அந்தக் கூட்டைக் கலைக்காதே. மூன்று நாலு மாதத்திலிருந்தே இந்த வயசுக்கோளாறு தொடங்கும். அதனால்தான் சாதுவாக இருந்தது திடீரென்று மாறியது.

மீனா, 10:22
முயல் இருக்கட்டும். காதுகுத்துக்கு யார் மடி? ஐயர் நேரம் குறித்துவிட்டார், மடி மட்டும் குறிக்கவில்லை.

சரவணன், 10:23
தாய்மாமன் மடி

பிரபு, 10:23
தாய்மாமன் இரண்டு பேர் இருக்கிறீர்கள் சித்தப்பா

கலா, 10:25
மூத்தவர் மடிதான் முறை. ஆனால் மூத்தவர் என்பதால் சீரும் எங்கள் தலையிலேயே என்றால் அது முறை இல்லை.

மீனா, 10:26
அக்கா, தோடு நாங்கள்தானே எடுத்தோம்.

கலா, 10:26
எடையைச் சொல்லவே இல்லையே.

பிரபு, 10:29
சண்டை வேண்டாம். பழனியிலிருந்து திரும்பியதும் கறிவிருந்துக்கு ராஜாவைப் போட்டுவிடலாம், செலவு மிச்சம்

செல்வி குழுவிலிருந்து வெளியேறினார்

மீனா, 10:31
ஐயோ

சரவணன், 10:32
அக்கா போனை எடுக்கவில்லை

கலா, 10:33
நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

அம்மா, 10:35
குரல் பதிவு 0:52

மீனா, 10:37
"என் மகள் விசேஷத்தில் என் மகளையே அழவைத்துவிட்டீர்களா" என்கிறார்.

முருகேசன் செல்வியைச் சேர்த்தார்

செல்வி, 10:58
ஏன் இத்தனை மிஸ்டு கால்? குளிக்கப் போனேன். போன் பாப்பாவிடம் இருந்தது.

செல்வி, 10:59
நான் யாழினி. பிரபு அத்தான் ராஜாவைக் கறி என்று சொன்னதால் நான்தான் வெளியேறினேன்.

பிரபு, 10:59
மன்னித்துக்கொள் தாயே 🙏

செல்வி, 11:01
பெரிய மாமா, நான் யாழினி. அப்பா இரண்டு தடவை அதன் மூக்கில் தட்டினார். அதற்குப் பிறகுதான் ரொம்பக் கடிக்கிறது.

முருகேசன், 11:14
அப்பாவிடம் சொல், அடித்தால் முயலுக்குப் புத்தி வராது, பயம்தான் வரும். கடிக்க வந்ததும் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். பாய்ந்தால் கை போய்விடும் என்று அது பழகிக்கொண்டது. இனி இப்படிச் செய். கூண்டுக்குள் கையே விடாதே. கதவைத் திறந்து வை, அதுவாக வெளியே வரட்டும். வந்த பிறகு கிண்ணத்தை வை, கூண்டையும் அப்போதே கூட்டிச் சுத்தம் செய். பெல்லட் தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டாதே, காய்ந்த புல்லுக்குள் இறைத்து விடு, தேடித் தின்னட்டும். காவல் காக்க ஒரு கிண்ணம் இருந்தால்தானே காக்கும். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் பெல்லட் தாராளம். காய்ந்த புல் மட்டும் எப்போதும் நிறைய இருக்க வேண்டும். வைக்கோல் போதாது, அருகம்புல்லை நிழலில் உலர்த்திப் போடு. கேரட் என்றைக்காவது ஒரு துண்டு.

செல்வி, 11:15
தடவுவது எப்படி மாமா?

முருகேசன், 11:18
முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். முன்னால் நீட்டாமல், மேலிருந்து நெற்றியில் கை வை. பேசிக்கொண்டே வை. உறுமினால் கையை இழுத்துக்கொண்டு ஓடாதே, அப்படியே நில்.

சரவணன், 11:19
அம்மாவும் அடுப்படிக்குள் யாரையும் விடமாட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாமா?

கலா, 11:19
நீங்கள் வையுங்கள் தம்பி. நான் 22 வருஷமாகக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

முருகேசன், 11:27
செல்வி, விசேஷம் முடிந்ததும் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்துவிடு. ஆபரேஷன் செய்யாத பெட்டைக்கு வயதானால் கருப்பையில் கட்டி வர வாய்ப்பு அதிகம். முயலுக்குச் செய்து பழகிய டாக்டராகப் பார். பல்லையும் பார்க்கச் சொல், வலி இருந்தாலும் கடிக்கும். முதல் நாளே பட்டினி போடச் சொன்னால் எழுந்து வந்துவிடு. நாய்க்குத்தான் அது. முயலுக்கு வாந்தியே வராது, வயிறு காலியானால் குடல் நின்றுபோகும். ஆபரேஷன் முடிந்தும் குணம் மாறச் சில வாரம் ஆகும்.

செல்வி, 11:30
செலவு எவ்வளவு அண்ணே? சரி, அதை அப்புறம் பார்ப்போம். மூன்று நாளுக்குத் தீவனத்தை மொத்தமாக வைத்துவிட்டுப் போகலாமா?

முருகேசன், 11:31
கூடவே கூடாது. அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து. யாராவது தினமும் பார்க்க வேண்டும்.

முருகேசன், 11:33
பழனிக்கு எப்படியும் நம் வீட்டு வழியாகத்தானே வருகிறீர்கள். இங்கே விட்டுவிடு. புது இடத்தில் இது என் இடம் என்கிற வீம்பும் கொஞ்சம் குறையும். கலாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கலா, 11:33
நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

கலா, 11:36
நாய் இருக்கிறது. அப்புறம் நாங்களும் பழனிக்கு வருகிறோமே, யார் பார்ப்பது?

சரவணன், 11:37
அண்ணன் பார்க்கட்டும். மடிக்கு நான் இருக்கிறேன் 😁

மீனா, 11:37
ஏங்க

முருகேசன், 11:40
ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி என்ன தூரம்? ராத்திரி நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். காதுகுத்து நேரத்துக்கு அங்கே இருப்பேன்.

செல்வி, 11:41
மடியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம். வேன் நாலரைக்கா, ஐந்துக்கா?

முருகேசன், 11:42
நாலரை. வெயில் ஏறினால் முயல் தாங்காது. காற்றுப் போகிற கூடையில் கொண்டு வா. அதன் பழைய வைக்கோலையும் கொஞ்சம் போடு.

பிரபு, 11:43
நாலரைக்கு வேனாம். குழந்தைக்கா முயலுக்கா விசேஷம்

செல்வி, மாலை 6:20
நான் யாழினி. மாமா சொன்ன மாதிரியே வெளியே வரவிட்டு வைத்தேன். என்னைக் கடிக்கவில்லை. கிண்ணத்தைப் பல்லால் தூக்கி எறிந்துவிட்டுப் புல்லைத் தின்றது. பெயரை மாற்ற மாட்டேன்.

கலா, 6:34
அந்தப் பழைய கூண்டு மாடியில் இருக்கிறது. ஒன்றுதான். துரு பிடித்திருக்கும். கழுவ என்னால் முடியாது.

அம்மா, 6:41
குரல் பதிவு 0:09

மீனா, 6:50
இதை யாராவது கேட்டீர்களா?