குடும்பக் குழுவில் ஒரு பழைய ரோலர் கோஸ்டர்

தம்பி (ஒஹாயோ): அக்கா, இன்று ஜியாகா லேக் கேளிக்கைப் பூங்கா இருந்த பக்கம் போயிருந்தேன். 1925-இல் கட்டின மர ரோலர் கோஸ்டர் நின்ற இடம். இப்போது அந்தப் பகுதியில் வீடும் கடையுமாக வந்துகொண்டிருக்கிறது. மனசு கேட்கவில்லை.

அக்கா (நாகர்கோவில்): மரத்திலா? ஓடும்போது ஆடாதா?

தம்பி: ஆடும் அக்கா. மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கட்டுவதே அப்படித்தான். பெயர் பிக் டிப்பர். அதற்கு முன்னால் ஸ்கை ராக்கெட், கிளிப்பர் என்றெல்லாம் பெயர் இருந்தது. உயரம் 65 அடி, பாதையின் நீளம் 2,680 அடி.

அத்தான் (குளச்சல்): நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. அதில் பாதிக்கு மேலே வருகிறது. யார் கட்டினது?

தம்பி: வடிவமைத்தவர் ஜான் மில்லர், அத்தான். ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது டக் டக் டக் என்று கேட்குமே, அது அவர் வேலைதான். மேலே இழுக்கிற சங்கிலி அறுந்தாலும் ஆள் உட்காரும் பெட்டி பின்னால் உருளாமல் இருக்க, அடியில் ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே போகும். அதற்கு 1910-இல் காப்புரிமை வாங்கினார். அப்புறம் 1919-இல் தண்டவாளத்துக்குக் கீழேயும் சக்கரம் வைத்தார். மேட்டில் பெட்டி துள்ளினாலும் கழன்று போகாது. அதன் பிறகுதான் செங்குத்தான இறக்கம் வைக்கவே தைரியம் வந்தது.

சித்தப்பா (தக்கலை): மக்ளே, எதுக்கு மூடினாங்க? மரம் உளுத்துப் போச்சா?

தம்பி: இல்லை சித்தப்பா, மரத்தில் குறை இல்லை. கூட்டம் குறைந்தது என்று 2007 சீசனோடு பூங்காவையே மூடிவிட்டார்கள். 2008-இல் ஏலம். பிக் டிப்பர் 5,000 டாலருக்குப் போனது.

அக்கா: அவ்வளவுதானா! அன்றைய கணக்கில் ரெண்டு லட்சம் ரூபாய் சொச்சம்தானே.

தம்பி: ஆமா. அங்கே இருந்த இரும்பு கோஸ்டர்களுக்குப் புது இடம் கிடைத்தது. டாமினேட்டர் வர்ஜீனியாவுக்கும் தண்டர்ஹாக் மிச்சிகனுக்கும் போய் ஓட ஆரம்பித்தன. இது மட்டும் நின்ற இடத்திலேயே புதர் மண்டிக் கிடந்தது. 2016 அக்டோபரில் இடித்தார்கள்.

சித்தப்பா: அது அப்படித்தான் ஆகும் மக்ளே. இரும்பை நட்டு கழற்றி லாரியில் ஏற்றலாம். மரம் நின்ற இடத்திலேயே அளந்து, அறுத்து, பூட்டினது. ஆணி பிடுங்கின துளையில் மறுபடி ஆணி பிடிக்காது. ஓடுகிற வரைக்கும் தினமும் ஒருத்தன் பாதை முழுக்க நடந்து பார்த்திருப்பான். தளர்ந்த நட்டை முறுக்கி, கெட்ட பலகையை மட்டும் மாற்றியிருப்பான். ஒன்பது வருஷம் மழையிலும் பனியிலும் ஆள் போகாமல் விட்டால் எந்த மரம் தாங்கும்? பத்மநாபபுரம் அரண்மனை இன்னைக்கும் நிற்குதுன்னா, கேரளத் தொல்லியல் துறை ஆள் போட்டுப் பார்க்கிறதுனாலதான். பூட்டிப் போட்டிருந்தா கூரையில கழுக்கோல் ஒண்ணு மிஞ்சாது. ஏலம் விட்ட அன்னைக்கே அந்த கோஸ்டரோட கதை முடிஞ்சு போச்சு.

அத்தான்: அப்போ பழசு எதுவுமே மிஞ்சவில்லையா?

தம்பி: இருக்கு அத்தான். பென்சில்வேனியாவில் ஆல்டூனா என்கிற ஊரில் லீப் த டிப்ஸ் என்று ஒரு மர கோஸ்டர், 1902-இல் கட்டினது. அதுவும் 1985-இல் நின்று போனதுதான். ஆர்வலர்கள் பணம் திரட்டிச் சரிசெய்து 1999-இல் மறுபடி ஓட்டினார்கள். உயரம் 41 அடி, ஆனால் பெரிய இறக்கமே 9 அடிதான். கீழ்ச்சக்கரம் வருவதற்கு முந்தைய காலத்து வடிவம், அதனால் மெதுவாகப் போகும்படிதான் கட்டினது.

சித்தப்பா: பதினாலு வருஷம் கிடந்ததை எழுப்பியிருக்காங்க பாருங்க! அதைப் போய்ப் பார்த்துட்டு வா மக்ளே. தூணும் சட்டமும் சேருகிற மூட்டைக் கிட்டப்போய்ப் படம் எடுத்து அனுப்பு. தூரத்தில் நின்று எடுத்தால் எனக்கு ஒண்ணும் தெரியாது.

அக்கா: தனியாகப் போகாதே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ.

தம்பி: சரி அக்கா. சித்தப்பா, லீவு பார்த்துப் போகிறேன், கண்டிப்பாக அனுப்புகிறேன்.