புதுப்பிப்பு: ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: கோயம்புத்தூரில் இருந்துகொண்டே ஜெர்மனியில் மெக்கானிக்கல் டிசைன் வேலைக்கு 60 இடங்களில் விண்ணப்பித்தும் பதிலே வரவில்லை, என்ன செய்யலாம் என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பட்டம் அங்கே செல்லுமா என்பதை முதலில் காட்டு" என்ற யோசனைதான். அனாபின் என்ற தளத்தில் (வெளிநாட்டுப் பட்டங்கள் ஜெர்மனியில் செல்லுமா என்று காட்டும் தளம்) என் கல்லூரிப் பெயரைத் தேடிக் கிடைக்காமல் விட்டிருந்தேன். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டுமாம்! அது 'எச் பிளஸ்', அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்று இருந்தது. பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு இணையாகப் பொருந்தியது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தேன். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, சின்ன ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஜெர்மன் மொழியிலேயே கடிதம் எழுதினேன். 14 விண்ணப்பம், 3 நேர்காணல், ஒரு வேலை.

இங்குள்ள வேலையை விட்டுவிட்டு வாய்ப்பு அட்டையில் (ஜெர்மனிக்குப் போய் வேலை தேட ஒரு வருடம் வரை தரும் அனுமதி) போய்த் தேடு என்றும் சிலர் சொன்னீர்கள். ஒரு வருடம் கையிருப்பில் சாப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்பாராதது ஒன்று. கம்பெனியே அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் என் விசாவுக்கான விரைவு நடைமுறைக்கு விண்ணப்பித்தது. கட்டணம் 411 யூரோ, அவர்களே கட்டினார்கள். அந்த அலுவலகம் விசாவுக்குத் தந்த முன் ஒப்புதல் கைக்கு வந்ததும் விசா நேர்காணல் தேதி சீக்கிரமே கிடைத்தது. என் மூன்று மாத நோட்டீஸ் காலத்தை அவர்கள் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அங்கேயும் அது சகஜமாம்.

அப்புறம், அன்று இரண்டு லட்சம் கேட்ட ஏஜெண்டுக்குப் பணம் கட்டவில்லை.