செகண்ட்ஸ் டிராக்டர்: சேறு அடிச்ச வண்டியில என்ன பார்க்கணும்?

காவிரிக்கரையான்:
2014 மாடல், 45 எச்பி, மன்னார்குடிப் பக்கம் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு வயல்ல சேறு அடிச்ச வண்டி. பெயின்ட் புதுசு, இன்ஜின் சத்தமும் சுத்தம். எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டுற மணி மீட்டர் ஓடலை, முன்சக்கரம் லேசா ஆடுது. நாளைக்கு மறுபடி பார்க்கப் போறேன். முதல்ல எதைப் பார்க்கட்டும்?

பட்டறைக்காரன்:
சத்தத்தை விடுங்க, அடியில குனிங்க. பின் ஆக்சில் சீலைச் சேறு அரிச்சிட்டா தண்ணி உள்ளே இறங்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் ட்ரெயின் நட்டை மெதுவா லூஸ் பண்ணி அரை டம்ளர் பிடிங்க. தண்ணி ஆயிலை விடக் கனம், அதான் முதல்ல வரும். ஆயில் பால் டீ நிறத்துல கலங்கியிருந்தாலும் தண்ணிதான். பேரிங் துருப்பிடிச்சுக் குழி விழுந்திருக்கும். நிறைய மாடல்ல இதே ஆயில்தான் ஹைட்ராலிக் பம்புக்கும் போகுது, அதனால கலப்பையைத் தூக்குற லிஃப்டும் அடி வாங்கும். ஆயில் புத்தம் புதுசா இருந்தா அதுவும் சந்தேகம்தான்; விக்கிறதுக்காக மாத்தியிருப்பாங்க. காந்தம் வச்ச நட்டா இருந்தா நுனியைத் துடைச்சுப் பாருங்க. நைசான தூள் சகஜம். சில்லு வந்தா கியர் பல் உடைஞ்சிருக்கு, விட்டுட்டு வந்துடுங்க.

ஒன்பதுகொத்து:
இன்ஜினை அப்படி ஒரேயடியா விட்டுட முடியாதுண்ணே. போனதும் சைலன்சரைத் தொடுங்க தம்பி. சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. நல்லா ஆறட்டும், அப்புறம் செல்ஃப் அடிங்க. ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா புகை விடாம தள்ளுதா? அப்போ இன்ஜின் உள்ளே பிஸ்டன் ரிங், லைனர் தேஞ்சிருக்கு.

லிஃப்டுக்கு 9 கொத்துக் கலப்பையை மாட்டி, அரை மணி உழுதுட்டு, தூக்கி வச்சு இன்ஜினை நிறுத்துங்க. ஆயில் ஆறிக் கெட்டியா இருக்கும்போது பார்த்தா கசிவு தெரியாது. ரெண்டு மூணு நிமிஷத்துல கலப்பை தரைக்கு வந்தா பிஸ்டன் சீலோ வால்வோ போயிருக்கு.

பட்டறைக்காரன்:
அதுவும் சரி. முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. கிங் பின்னும் (முன்சக்கரம் திரும்புற அச்சு) சேர்ந்து ஆடினா புஷ் தேய்மானம். சக்கரம் மட்டும் ஆடினா ஹப் பேரிங். ரெண்டும் பெரிய வேலை இல்ல, விலையில குறைச்சுக் கேளுங்க.

வரப்புமேடு:
ஆர்சியில ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல கடன் பதிவு, இருக்கான்னு பாருங்க. இருந்தா பேங்க் தர்ற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்) கடன் பதிவை நீக்குற பாரம் 35-ம் கைக்கு வராம முழுப் பணம் கொடுக்காதீங்க. பேர் மாத்த பாரம் 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்து வேணும். சேசிஸ் நம்பர் மேல புது பெயின்ட் இருந்தா, சுரண்டி ஆர்சியோட ஒத்துப் பாருங்க.